சிக்கன விளக்கின் காலம்: யாழ்ப்பாணத்து நெருக்கடி வாழ்வு, 1990–1995

போர்க்கால வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படையெடுப்புகளையும் இழப்புகளையுமே கணக்கிடுவர். அந்நாள்களில் மக்கள் எதனை உண்டனர், எவ்வாறு விளக்கேற்றினர், எதிலே எழுதினர் என்பன ஏடுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. 1990 முதல் 1995 வரையான யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்வு இந்நோக்கில் ஆராயத்தக்கது.

1990 ஜூன் மாதத்தில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. ஆனையிறவு வழியான போக்குவரத்தும் அற்றுப்போயிற்று. எரிபொருள், இரசாயனப் பசளை, உலர் மின்கலம், சீமெந்து முதலியவற்றை வடக்கே கொண்டுசெல்ல அரசு தடை விதித்தது. எஞ்சிய பொருள்களின் விலையும் எளியோர்க்கு எட்டாத உயரத்தை அடைந்தது.

எனினும், யாழ்ப்பாணத்து மக்கள் சிக்கனத்தை அன்றுதான் கற்றனர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆறுகள் இல்லாத அம்மண்ணில் கிணற்று நீரை அளந்து பாய்ச்சியே பயிர் வளர்க்கவேண்டியிருந்தது. அரிசி குறைந்த காலங்களில் பனையே துணைநின்றது. பனங்கிழங்கை உலர்த்தி ஒடியலாகவும், பழத்தின் களியைக் காயவைத்துப் பனாட்டாகவும், பதநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாகவும் சேமித்துவைத்தல் தலைமுறை வழக்கமாகும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பனையின் பெருமையைப் பாடத் தால விலாசம் என ஒரு நூலையே இயற்றினார். 1942இல் பர்மா யப்பானியர் வசமானபோது இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நாடெங்கும் பங்கீட்டு முறை வந்தது. குரக்கனும் மரவள்ளியும் ஒடியலும் அன்று பல வீடுகளின் அடுப்பை அணையாது காத்தன.

1970களில் வந்த நெருக்கடி வேறு வகையினது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. பாணுக்கு மக்கள் வரிசையில் நின்ற அதே காலத்தில் யாழ்ப்பாணத் தோட்டங்கள் செழித்தன. 1977இல் புகுந்த திறந்த பொருளாதாரம் அத்தோட்டக்காரரின் வருவாயைச் சரித்தது. ஆயினும், மண்ணை நம்பி வாழும் பயிற்சி அவர்களிடம் எஞ்சியிருந்தது.

1990க்குப் பின் இப்பயிற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மீண்டன. நீரிறைக்கும் இயந்திரங்களுக்கு எண்ணெய் கிடையாமற் போகவே, கைவிடப்பட்டிருந்த துலாக்கள் மறுபடியும் கிணற்றடிகளில் எழுந்தன. பசளை வராதபோது பூவரசங்குழையையும் பனையோலையையும் தோட்டங்களிலே தாழ்த்தனர். சீனி அருகியபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்தினர். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைக் கொண்டு துணி வெளுக்கும் பழைய முறையும் திரும்பிற்று.

பழைய அறிவோடு புதிய சூழ்ச்சிகளும் சேர்ந்தன. அவற்றுள் சிறந்தது சிக்கன விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை இட்டு, அது ஊறும் அளவுக்கே மண்ணெண்ணெய் வார்த்துச் சிறு திரியை ஏற்றினர். போத்தலின் சுவரே காற்றிலிருந்து சுடரைக் காத்தது. ஒரு பிள்ளைக்குப் பாடம் படிக்க அவ்வொளி போதுமாயிற்று. துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டனர். பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின.

எழுத்துலகமும் இவ்வாறே இயங்கிற்று. அச்சுத்தாள் கிடைப்பது அரிதானபோது, 1985இல் தொடங்கப்பெற்ற உதயன் நாளேடு மாணவர் கொப்பிகளுக்கு உரிய கோடிட்ட தாளிலும் அச்சாயிற்று. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை இதழ் இந்நெருக்கடிக்குள்ளும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. கையால் எழுத்துக் கோத்து, மின்சாரமின்றி அச்சிட்ட காலம் அது. பக்கம் சுருங்கியபோது சொல்லும் சுருங்கவேண்டியதாயிற்று. நீண்ட கட்டுரைக்கு இடமில்லாத தாளிலே சிறு கவிதைக்கு இடம் இருந்தது. அக்காலத்து ஈழக் கவிதையின் செறிவை ஆராய்வோர், கவிஞரின் உள்ளத்தோடு இத்தாளின் அளவையும் கருத்திற் கொள்ளுதல் நன்று.

ஆயினும், இவ்வாழ்வை வீரக்கதையாக மட்டும் பாடிவிடுதல் வரலாற்றுக்கு நீதி ஆகாது. மருந்தின்றி மாண்டவரும் உளர். கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே படகிற் கடக்கையில் உயிரிழந்தவரும் உளர். சிக்கன விளக்கு மண்ணெண்ணெயை மிச்சப்படுத்தியது. அது மருத்துவமனைக்கு மின்சாரம் ஆகவில்லை. 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, ஐந்தாண்டுகள் சிறுகச் சிறுகக் கட்டிய வாழ்வும் வீட்டோடு விடப்பட்டது. வறுமையைத் தாங்கும் ஆற்றல் ஒரு மக்களிடம் உண்டு என்பது, அவ்வறுமையை அவர்கள்மேற் சுமத்துவதற்கு நியாயம் ஆகாது.

அண்மைக்கால நிகழ்வுகளும் இவ்வரலாற்றோடு ஒப்புநோக்கத்தக்கன. 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. மாற்று முறைகளைப் பயில உழவர்க்குக் காலம் தரப்படவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அரசு பின்வாங்கிற்று. 2022இல் எரிபொருள் வற்றியபோது கொழும்பு வீதிகளிலும் துவிச்சக்கர வண்டிகள் பெருகின. தாள் இல்லாமையால் மேல் மாகாணத்துப் பாடசாலைத் தேர்வுகள் ஒத்திவைக்கப்பட்டன. முப்பதாண்டுகளுக்கு முன் வடக்கு அறிந்த இருளைத் தெற்கும் அன்று சிறிது அறிந்தது.

யாழ்ப்பாணத்துக்கும் தடை திடீரென்றுதான் வந்தது. ஆனால் துலா மிதித்தவரும், குழை தாழ்த்தவரும், ஒடியல் இடித்தவரும் அன்று உயிரோடு இருந்தனர். இளையோர் அவர்களிடம் கேட்டுக் கற்றனர். மெல்ல மாறி வாழும் ஆற்றல் இவ்வாறு கைமாறி வரும் அறிவிலேயே தங்கியுள்ளது. இன்று அம்முதியோர் பலர் இல்லை. சிக்கன விளக்கின் ஒளியில் படித்த பிள்ளைகளும் நடுவயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். அவர்தம் நினைவிலுள்ள செய்முறைகளையும் சொற்களையும் எழுத்தில் ஏற்றிவைத்தல் தமிழ் எழுதுவோர் இப்பொழுதே ஆற்றவேண்டிய பணியாகும்.