நிலைபொருளும் உடைமையுறவும்: மெய்நிகர் இயந்திரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொலைபேசியொன்றின் நிலைபொருளை, அதாவது நினைவகத்திற் பதிந்திருந்து கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, அதனை விலைகொடுத்து வாங்கியவரே மாற்றியெழுத முற்படும்போது விசித்திரமானதொரு நிலை தோன்றுகின்றது. அவரது கணனியில் லினக்ஸ் இயங்குகின்றது; எழுதுவதற்கான கருவிநிரலோ விண்டோசுக்கென மட்டும் ஆக்கப்பட்டது. எனவே அவர் தமது கணனிக்குள் மெய்நிகர் இயந்திரமொன்றை உருவாக்கி, அதில் விண்டோசை நிறுவி, அதனூடாகவே தமது தொலைபேசியை அணுக வேண்டியவராகின்றார். இச்சுற்றுவழியைத் தொழினுட்பத் தேவை என அமைதி கூறுவது வழக்கம். இதனை உடைமையுறவின் விளைவாகக் கொள்வதே பொருந்தும்.

மெய்நிகர் இயந்திரம் தோன்றிய சூழல் முற்றிலும் வேறானது. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் விஞ்ஞான நிலையத்தில் (மாசச்சூசெற்ஸ்) உருவான சீ.பி.-40 என்னும் முறைமை 1967இற் பயன்பாட்டுக்கு வந்தது. பெருவிலை கொண்ட ஒரே கணனியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தவும், ஒவ்வொருவருக்கும் முழுக் கணனியொன்று தம்மிடமுள்ளதாகத் தோன்றவும் அது வழிசெய்தது. அருமைப்பட்ட உற்பத்திச் சாதனத்தைப் பகிர்தலே அதன் நோக்கம். 1972இல் வெளிவந்த வீ.எம்./370 மூலநிரலுடனேயே வழங்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. பயன்படுத்துவோர் அதனை வாசித்தனர், திருத்தினர், தம்முட் பரிமாறினர். 1983இல் ஐ.பி.எம். இனி மூலநிரல் வழங்கப்படமாட்டாதென அறிவித்தபோது அவர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. வாசிக்கும் உரிமை பறிக்கப்படுகின்றது என்பதை அவர்கள் உடனே உணர்ந்துகொண்டனர்.

நிலைபொருள் என்ற எண்ணக்கருவும் அக்காலத்ததே. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டதைக் குறிக்க அசர் ஒப்லர் 1967இல் அதற்குரிய ஆங்கிலச் சொல்லை ஆக்கினார். எழுதியழிக்கத்தக்க ‘பிளாஷ்’ நினைவகத்தை யப்பானியரான புஜியோ மசுவோகா தொஷிபாவிற் பணியாற்றியபோது கண்டறிந்து 1984இல் உலகுக்கு அறிவித்தார். நினைவகம் ஒருங்கே அழிவது ஒளிப்படக் கருவியின் மின்னலை நினைவூட்டியமையால் உடனுழைப்பாளரொருவர் அப்பெயரைச் சூட்டினாராம். இக்கண்டுபிடிப்பின் பயனிற் பங்குகோரி மசுவோகா தொஷிபாமீது 2004இல் நூறுகோடி யென் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2006இல் எட்டுக்கோடி எழுபது இலட்சம் யென்னுக்கு இணக்கம் ஏற்பட்டது. உழைப்பின் விளைபொருள் உழைத்தவனுக்கு அந்நியமாதலுக்கு இதனிலும் துலக்கமான சான்று அரிது. அதே நினைவகம் வாங்கியவனுக்கும் அந்நியமாவதே நமது பொருள்.

சம்சுங் தொலைபேசிகளுக்கான ‘ஓடின்’ என்னும் கருவிநிரல் பொதுமக்களுக்கென ஒருபோதும் முறைப்படி வெளியிடப்படவில்லை, கசிந்தே பரவிற்று. அதுவும் விண்டோசுக்குரியது. மெய்நிகர் இயந்திரத்தினூடாக அதனை இயக்குவோர் எதிர்கொள்ளும் இடர் நுணுகி நோக்கத்தக்கது. தொலைபேசி ஒரு நிலையிலிருந்து பதிவிறக்க நிலைக்கு மாறும்போது யூ.எஸ்.பி. இணைப்பு அறுந்து, புதியதோர் அடையாள எண்ணுடன் மீள இணைகின்றது. புரவலன் கணனி அதனைத் தனதாக்கிக் கொள்ளுமாயின் உள்ளிருக்கும் விண்டோஸ் அதனைக் காணாது. எழுத்து நடுவில் தடைப்படின், அரைகுறையாக எழுதப்பட்ட கருவி இயங்காதொழியலாம். அதனைச் ‘செங்கல்’ என்பர். இவ்விரு அடையாளங்களையும் முன்கூட்டியே மெய்நிகர் இயந்திரத்துக்கு ஒதுக்கிவைப்பது அனுபவம் கற்பித்த உபாயம். 2010இல் ‘ஹைம்டால்’ என்னும் திறந்தமூல நிரல் லினக்சிலேயே நேரடியாக எழுதும் வழியைத் தந்தது. (நோர்டிக் புராணத்தில் ஹைம்டால் ஓடினின் மகன், பெயரிட்டவரின் குறும்பு இரசிக்கத்தக்கதே.) ஆகவே தடை இயந்திரத்தின் இயல்பில் இருக்கவில்லை என்பது செய்முறையிலேயே நிறுவப்பட்டது.

அதே 2010இல், கைத்தொலைபேசியின் மென்பொருட் கட்டுப்பாட்டைத் தகர்த்து வேறு நிரல்களை இயக்குதல் பதிப்புரிமைச் சட்டத்தின் தடைக்கு விதிவிலக்கென ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தீர்மானித்தது. சட்டம் நெகிழ்ந்த இடத்தில் வன்பொருள் இறுகியது. 2013 முதல் சம்சுங்கின் ‘நொக்ஸ்’ முறைமை கொண்ட கருவிகளில் மின்னுருகியொன்று பதிக்கப்பட்டது. கொம்பனி ஒப்பமிடாத நிலைபொருளை எழுதினால் அது எரிந்துவிடும். களவையும் நச்சுநிரலையும் தடுக்கவே இவ்வேற்பாடு என்பர். அவ்வாதத்தை முற்றாகப் புறக்கணிப்பது நேர்மையன்று. ஆயின் பூட்டு அவசியமென ஒப்புக்கொண்டாலும், அதன் திறவுகோல் வாங்கியவரிடம் இராது விற்றவரிடம் இருப்பதேன் என்ற வினாவுக்கு அவ்வாதத்தில் விடையில்லை. மெய்நிகர் இயந்திரத்தில் நேரும் பிழையை முன்னைய நிலைக்கு மீட்டுவிடலாம். எரிந்த உருகியை மீட்க வழியில்லை. பின்னர் பழைய நிலைபொருளையே மீண்டும் எழுதினாலும், ஒப்பமிடாத ஒன்றை அக்கருவி ஒருமுறை ஏற்ற செய்தி அதிற் பதிந்தே கிடக்கும்.