தாடை வலியும் பாதியில் விட்ட வைத்தியமும்

சாந்த்ராகாச்சிக்கு மாற்றலாகி வந்த புதுசு. கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் 'டக்'னு சத்தம், கூடவே வலி. காது டாக்டர் பல் டாக்டரிடம் அனுப்பினார். ராத்திரி பல்லில் மாட்ட ஒரு பிளேட் கொடுத்தார்கள். மூன்றே வாரம்! வலி குறைந்ததும் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

இந்த அலைச்சலுக்கு ஒரு சரித்திரமே இருக்குங்க. ரஃபியுதீன் அகமது 1920-லேயே இந்தக் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். ஆனால் தாடை மூட்டுக் கோளாறைப் பிரபலமாக்கியது ஒரு காது டாக்டர்: 1934-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் காஸ்டன். கடைவாய்ப் பல் போனால் மூட்டு பின்னால் தள்ளி அழுத்தும் என்றார். பல்லை உயர்த்திக் கட்டினார்கள். 1948-இல் உடற்கூறு நிபுணர் ஹாரி சிச்சர் அந்த விளக்கத்தை மறுத்தார். 1950களில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் தசை இறுக்கத்தையும் மனக்கவலையையும் காட்டினார். 1980களில் மூட்டுக்குள் டெஃப்லான் வைத்தார்கள். அது சிதைந்து எலும்பை அரித்தது. 1990-இல் அமெரிக்க அரசே எச்சரித்தது.

டாக்டருக்கு டாக்டர் காரணம் மாறினால் நோயாளிக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்? பலருக்கு வலி தானாகவே தணியும் என்பதும் உண்மை. அதனால்தான் இன்று கத்தி வேண்டாம், முதலில் மெத்தென்ற சாப்பாடு, பயிற்சி என்கிறார்கள்.

ஆனால் தணிந்த வலி திரும்பியும் வரும். எனக்கு மார்ச் கணக்கு முடிக்கும் வாரத்தில் வந்தது. டப்பாவைத் திறந்தேன். பிளேட் பல்லில் உட்காரவில்லை.

நிறுத்துவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்க மக்களே!