கடைமடைக்கு வந்த கணினி: மாணவர் சலுகையின் வரலாறு

ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலை அல்லாள இளைய நாயக்கரின் கொடையென்று பரமத்தி வேலூர் வட்டார மக்கள் இன்றும் போற்றுகின்றனர். கரும்பும் வாழையும் வெற்றிலையும் விளையும் அந்நிலத்தில் வாய்க்காலின் பெருமையைத் தலைமதகில் நின்று யாரும் அளப்பதில்லை. கடைமடை வயலுக்கு நீர் சென்றதா என்றே கேட்பர். மாணவர்களுக்குக் கணினியும் மென்பொருளும் மலிவாகக் கிடைத்த வரலாற்றையும் இதே கேள்வியைக் கொண்டு நோக்கலாம்.

கல்விச் சலுகை ஏறத்தாழ வணிகக் கணினியளவு பழமையானது. 1953-இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த 650 என்னும் கணினி, கணினிப் பாடங்கள் நடத்த இசைந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு 60 விழுக்காடு வரை தள்ளுபடியில் கிடைத்தது. இதை ஈகை என்று கொள்ள வேண்டியதில்லை. அப்பொறியில் பயின்றவன் நாளை வேலைக்குச் சேரும் இடத்திலும் அதையே நாடுவான் என்னும் கணக்கு அது. அந்தப் பழக்கத்தின் வலிமைக்கு டொனால்ட் நூத் சான்று. கேஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராயிருந்தபோது தாம் பயின்ற 650 கணினிக்கே, 1968-இல் வெளிவரத் தொடங்கிய தம் பெருநூல் வரிசையை அவர் காணிக்கையாக்கினார்.

1984-இல் ஆப்பிள் நிறுவனம் 24 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை ஒரு கூட்டமைப்பில் சேர்த்தது. 2,495 டாலர் விலையுள்ள மெக்கின்டாஷ் அங்கே சுமார் 1,000 டாலருக்குக் கிடைத்தது. 2008-இல் மைக்ரோசாஃப்ட் 'டிரீம்ஸ்பார்க்' திட்டத்தின் வழியே நிரலாளர் கருவிகளை மாணவர்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கியது. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஏதேனும் ஒரு கல்வி நிறுவனத்தின் அடையாளம் இல்லாதவர் இவ்வாயில்களுக்குள் நுழைய இயலாது. நம் சிற்றூர் மாணவர் பலர் அறிந்திருந்த ஒரே 'தள்ளுபடி', உரிமமின்றிப் படியெடுத்த குறுந்தட்டுதான்.

கடைமடையை நோக்கிய பெரும்பாய்ச்சலை அரசே நிகழ்த்தியது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கென முதலாண்டு இலக்காக 9.12 லட்சம் கணினிகள் குறிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட 'ஆகாஷ்' கைக்கணினிக்கு மாணவர் விலை 1,750 ரூபாய் என்றனர். மெதுவான இயக்கத்தால் அது சோபிக்கவில்லை. தமிழக மடிக்கணினியோ வீடுகளுக்குள் சென்றது. பின்னர் அத்திட்டம் தடைப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கை, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கென மீண்டும் அறிவித்தது.

2011-இன் மடிக்கணினியில் வரலாற்றாசிரியன் குறிக்கத் தக்க செய்தி ஒன்றுண்டு. அதில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. ஒரே பெட்டிக்குள் இரு பொருளாதாரங்கள்! ஒன்று உரிமம் பெற்றுப் பயன்படுத்துவது. மற்றொன்று பிரித்துப் பார்க்கவும், திருத்தவும், நண்பனுக்குப் படியெடுத்துத் தரவும் உரிமையுள்ளது. பெரும்பாலோர் பழகிய பக்கமே சென்றனர். ஐபிஎம்மின் பழைய கணக்கு இங்கும் பொய்க்கவில்லை.

தமிழில் எழுதுவோர் இரண்டாம் வழியின் அருமையை முன்னரே உணர்ந்திருந்தனர். விலைகொடுத்து வாங்கிய எழுத்துருக்கள் ஒன்றையொன்று அறியாமல் தவித்த காலத்தில், தன்னார்வலர்கள் ஆக்கிய எ-கலப்பை செலவின்றிக் கிடைத்தது. மாணவ அடையாள அட்டையை அது கேட்கவில்லை. உழவு மண்ணுக்குப் பொருந்திய பெயர்! நூத்தும் தாம் 1978-இல் ஆக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உலகுக்கு இலவசமாகவே அளித்தார்.

ஜேடர்பாளையத்து மாணவி ஒருத்தி இன்று கணினி வாங்க முனைந்தால், நிறுவனச் சலுகையைத் தயங்காது பெறட்டும், பணம் மிச்சமாகும். கூடவே, படிப்பு முடிந்த மறுநாள் அந்த மென்பொருள் என்ன விலை கேட்கும் என்பதையும் விசாரிக்கட்டும். தன் கட்டுரைகளையும் வரைபடங்களையும் அன்றைக்கும் திறக்கவல்ல லிப்ரே ஆபிஸ் போன்ற ஒன்றை அருகிலேயே நிறுவிக்கொள்ளட்டும். சலுகைக்கு முடிவுநாள் உண்டு. எழுதியவை அதற்குப் பின்னும் அவளுக்கு வேண்டும்.