ஊவாவின் பெயர் பூண்ட கல்

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டில். ஐந்தாண்டுகளின் பின், தேயிலையால் அறியப்பட்ட இம்மாகாணத்தின் பெயர் வேறொரு வழியாகவும் உலகறிந்தது. இங்குக் கிடைத்த தூர்மலின் வகையொன்றுக்குக் குனிட்ஸ் என்பார் 1929இல் 'ஊவைற்று' எனப் பெயரிட்டார். தூர்மலின் என்னும் சொல்லும் சிங்களத்தினின்று பிறந்ததே.

இக்கனியத்திற் போரன் உண்டு. வன்பொருளாக்கத்தில் இன்று முதன்மை பெறும் மூலகங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் போரன் சேர்ந்த யாவும் வைரத்தை ஒக்குமெனக் கொள்ளலாகாது. அமெரிக்கரான வென்டோர்ப் பேரமுக்கத்தில் ஆக்கி 1957இல் அறிவித்த கனசதுரப் போரன் நைத்திரைட்டில் ஒவ்வோர் அணுவும் நான்கு திசையிலும் அயலணுக்களைப் பற்றிநிற்கும். வைரத்தை அடுத்த வன்மை அதற்கு வாய்த்தது அப்பிணைப்பினாலேயே. ஊவைற்றிலோ போரன் மூன்று ஒட்சிசன் அணுக்களிடையே தட்டையான முக்கோணமாய் அடங்கிவிடுகிறது. மோவின் அளவையில் அதன் வன்மை ஏறக்குறைய 7.5. படிகக்கல்லைக் கீறும், குருந்தத்தைக் கீறாது. இஃது அதற்கு இழுக்கன்று. சூடேற்றின் மின்னேற்றம் கொள்ளும் இயல்பு தூர்மலினுக்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையினின்று ஒல்லாந்தர் கொண்டுசென்ற கற்கள் சாம்பலை இழுக்கக் கண்டு ஐரோப்பியர் வியந்தனர்.

பின்னர், கல்லிலுள்ள புளோரீனைக் கருதி, ஊவாவின் கல் 'புளோர்-ஊவைற்று' எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஓரணுவின் பொருட்டு ஒரு கல்லின் பெயரை இத்துணைக் கவனத்துடன் திருத்தினர் அறிஞர். அதே மண்ணிலே தேயிலை கொய்தோருட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று. அவர்தம் வழியில் எஞ்சி நின்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.