‘ஏன் அனுப்பவில்லை?’: திறப்பு விழாவுக்கு முந்திய கேள்வி

எங்கள் ஊர்க் கல்லூரிக்கு ஐந்தாண்டு மூலோபாயத் திட்டம் ஒன்று தயாரிக்கப் போகிறோம் என்று சொல்லி, சென்ற றமழானுக்குச் சற்று முன்னர் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற வகையில் எனக்கும் அழைப்பு வந்தது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு எப்போதோ மூடப்பட்டுவிட்டது. முதலாந் தரத்துக்கு வருகின்ற பிள்ளைகளும் வருடத்துக்கு வருடம் குறைகின்றார்கள். அப்படியான சிறிய கல்லூரி. பெயர் தேவையில்லை, வாசகர்களில் பலருடைய ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும்.

வளவாளர் ஒருவர் வந்திருந்தார். வெண்பலகையை நான்காகப் பிரித்து, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என எழுதினார். அதன் பிறகு தூரநோக்குக் கூற்று. அதில் ‘தலைசிறந்த’ என்று வருவதா, ‘முன்மாதிரியான’ என்று வருவதா என்ற விவாதம் அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் இழுபட்டது. எழும்பும்போது அதிபர் என்னிடம், “சேர், வரலாற்றுப் பகுதிய நீங்க எழுதித் தாங்க. ஒரு பக்கம் போதும்” என்றார்.

அந்த ஒரு பக்கத்துக்காகப் பழைய புத்தகங்களைக் கிளறியபோது எனக்கு ஒன்று உறைத்தது. கல்லூரி வரலாறு எழுதுகின்ற நாமெல்லாரும் திறப்பு விழாவிலிருந்துதான் தொடங்குகின்றோம். யார் திறந்து வைத்தார், யார் காணி கொடுத்தார் என்று போய், அதிபர்களின் பெயர்ப்பட்டியலோடு முடிந்துவிடும். திறப்பு விழாவுக்கு முன்னர் நடந்த வேலையைப் பற்றிப் பேச்சே இருக்காது.

அலிகாரை எடுத்துக்கொள்வோம். ஸேர் ஸெய்யித் அஹ்மத் கான் 1869இல் இங்கிலாந்துக்குப் போனார். கேம்பிரிட்ஜைப் பார்த்தார், கல்லூரிக் கனவோடு 1870இல் திரும்பினார். திரும்பியவர் காணி தேடவில்லை, கட்டடத்துக்கு வரைபடமும் கீறவில்லை. காசியில் ஒரு குழுவைக் கூட்டி, பரிசு அறிவித்து, ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார். தலைப்பு இதுதான்: முஸ்லிம்கள் தங்கள் பிள்ளைகளை ஏன் அரசாங்கப் பாடசாலைகளுக்கு அனுப்புகிறார்கள் இல்லை?

இந்தக் கட்டத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். எங்கள் வெண்பலகையின் நாலு பெட்டிக்குள்ளும் இல்லாத கேள்வி இது. நாம் என்ன செய்யப் போகிறோம் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. வராதவன் ஏன் வரவில்லை என்று ஆரம்பித்தார். வந்த பதில்களும் இனிப்பானவை அல்ல. மார்க்கக் கல்விக்கு அங்கே இடமில்லை, ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும், ஒழுக்கம் கெட்டுவிடும், பாடத்திட்டமே சரியில்லை என்றெல்லாம் எழுதினார்கள். சிலவற்றை அவர் ஏற்றுக்கொண்டார், சிலவற்றை வெறும் தப்பெண்ணம் என்றார். ஆனால் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்தார்.

அந்தப் பதில்களின் அடையாளம் பிறகு வந்த திட்டத்தில் தெரிகின்றது. அவருடைய மகன் ஸெய்யித் மஹ்மூத் 1873இல் முன்வைத்த வரைவு, மாணவர்கள் தங்கிப் படிக்கின்ற, அரசாங்கத்தின் பிடிக்குள் அகப்படாத ஒரு பெரிய நிறுவனத்தைப் பற்றியது. மார்க்கப் பாடத்தைப் பொறுத்தவரை ஸேர் ஸெய்யித் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார். அவருடைய மார்க்கக் கருத்துக்களுக்கு எதிராகப் பத்வாக்கள் பறந்துகொண்டிருந்த காலம் அது. தான் இருந்தால் பெற்றோர் பயப்படுவார்கள் என்பதை விளங்கி, மார்க்கக் கல்வியை நடத்துகின்ற பொறுப்பைத் தான் அங்கம் வகிக்காத ஒரு குழுவிடம் விட்டுவிட்டார். திட்டம் போடுகிறவரே திட்டத்துக்குத் தடையாக இருக்கலாம் என்பதை எந்த வளவாளர் நம்மிடம் சொல்லுவார்?

1875 மே 24இல் பாடசாலை ஆரம்பமானது. கல்லூரிக்கான அடிக்கல்லை 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் நாட்டினார். கனவு கண்டது சுதந்திரமான பல்கலைக்கழகம். கைக்கு வந்ததோ கல்கத்தாப் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகின்ற ஒரு கல்லூரி. பல்கலைக்கழகமானது 1920இல். அதைப் பார்க்க ஸேர் ஸெய்யித் இருக்கவில்லை.

அவர் கல்லூரிக்கு ஆதரவு தேடிப் பஞ்சாபில் பயணம் செய்த அதே 1884இல், கொழும்பு புதிய சோனகத் தெருவில் அறிஞர் சித்திலெப்பை ஒரு பாடசாலையைத் தொடங்கினார். நாடுகடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்து சேர்ந்த ஒராபி பாஷாவின் தூண்டுதல் பக்கத்திலேயே இருந்தது. ‘முஸ்லிம் நேசன்’ கையில் இருந்தது. ஆளும் பெரிய ஆள், கண்டியின் சட்டத்தரணி. என்றாலும் அந்தப் பாடசாலை நின்று பிடிக்கவில்லை. ஆதரவு கிடைக்கவில்லை என்று ஒற்றை வரியில் நமது நூல்கள் கடந்துபோகின்றன. நானும் வகுப்பில் அப்படித்தான் படிப்பித்திருக்கிறேன்.

அந்த ஒற்றை வரிக்குள் எட்டு வருடங்கள் இருக்கின்றன. அவர் எழுதுவதை விடவில்லை, பேசுவதை விடவில்லை, பாடநூல்கள் ஆக்கினார், கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை வைத்தார். பிறகு 1892 ஓகஸ்ட் 22இல், அல் மத்ரஸதுல் கைரியத்துல் இஸ்லாமியா மருதானைப் பள்ளிவாசல் வளவில் தொடங்கியது. ஒராபி பாஷா முன்னிலையில் இருந்தார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் தோள்கொடுத்தார். 1884க்கும் 1892க்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படி வாசிக்கின்றேன்: முதல் தடவை பாடசாலை ஒரு தெருவில் இருந்தது, இரண்டாம் தடவை மக்கள் ஏற்கெனவே நம்பிக் கால்வைத்துப் பழகிய இடத்தில் இருந்தது. பள்ளிவாசல் வளவுக்குப் பிள்ளையை அனுப்ப எந்த வாப்பாவும் யோசிக்கப் போவதில்லை. இது என் ஊகம்தான், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

1913இல் அது ஸாஹிறாக் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. சித்திலெப்பை அதற்கு முன்பே, 1898இல் மறைந்துவிட்டார். ஸேர் ஸெய்யித் மறைந்ததும் அதே வருடம்தான். 1921இல் டீ.பீ. ஜாயா அதிபராகி, கம்பளை, மாத்தளை, அளுத்கம, புத்தளம் என்று கிளைகளைக் கொண்டுபோனதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொழும்புக்கு வர முடியாத பிள்ளையைத் தேடிக் கல்லூரி போன கதை அது.

ஏ.எம்.ஏ. அஸீஸ் பற்றி மட்டும் ஒரு சொல். சிவில் சேவையை விட்டுவிட்டு அவர் 1948இல் ஸாஹிறாவின் அதிபரானார் என்பதைத்தான் வழமையாகச் சொல்லுகின்றோம். அவரது திட்டத்தை நான் 1942இலிருந்து கணக்கெடுப்பேன். யுத்த காலத்தில் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தவர், கெட்டிக்காரப் பிள்ளைகள் வறுமையால் படிப்பை விடுவதைக் கண்ணால் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். அதிபர் கதிரையில் உட்கார மூன்று வருடத்துக்கு முன்பே, பிள்ளை ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் ஒரு பதிலும் அதற்கொரு நிதியும் இருந்தன.

ஒரு பக்கம் கேட்ட இடத்தில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு யோசனையும் வைத்தேன்: கடந்த ஐந்து வருடத்தில் பிள்ளைகளை விலக்கிக்கொண்டுபோன வீடுகளுக்கு, காரணம் கேட்டு ஒரு கடிதம் போடுவோம். குழுவில் இருந்த ஒருவர், “அது நம்மட மானத்த நாமளே வாங்குற வேல” என்றார். முடிவெடுக்காமலேயே கூட்டம் கலைந்தது.

அன்றிரவு வீட்டில் மகனிடம் கேட்டேன். அவனுடைய மூத்த பையன் இரண்டு வருடமாக வேனில் டவுன் பாடசாலைக்குப் போகின்றான். முப்பது வருடம் அந்தக் கல்லூரியில் படிப்பித்த நான், பேரனை ஏன் மாற்றினாய் என்று அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை.

“கணக்குக்கு ஒன்றரை வருசமா ஆள் இல்ல வாப்பா. வகுப்புல புள்ளையள் சும்மா இருந்துட்டு வந்த. உங்களுக்குச் சொன்னாக் கவலப்படுவீங்க எண்டு விட்டுட்டன்” என்றான். பிறகு, “ஆர் எங்களுக்கிட்டக் கேட்ட?” என்றும் சொன்னான்.

அடுத்த கூட்டம் சனிக்கிழமை. அவனையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். வருவானோ தெரியாது.