பிறவிக் குற்றமும் சகச மலமும்

மேகமலைச் சாரலினின்று இழியும் சுருளித் தீர்த்தம் பாண்டி நாட்டின் மேல்பாலுள்ளாரால் நெடுங்காலமாகப் போற்றப்பெறுவது. அதன் அண்மையதாகிய சுருளிப்பட்டி, கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களுள் ஒன்று. ஆடி, தை அமாவாசை நாட்களில் அருவியாடி முன்னோர்க்கு நீர்க்கடன் இறுப்பாரும், சுருளி வேலப்பரை வழிபடுவாரும் அவ்வூர் வழியே திரள்திரளாகச் செல்வர். நீராடுவார் எக்குலத்தர் என்று அருவி வினவுவதில்லை. ஆயினும் அப்பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த நாட்டிலும் வாழ்ந்த ஒரு வகுப்பாரை நோக்கி, 'நீவிர் பிறவியிலேயே குற்றவாளிகள்' என்று ஓர் அரசு சட்டம் செய்தது. மாந்தர்க்கு இயல்பாயுள்ள குற்றம் யாது, அது தீரும் வழி யாது என்னும் வினாவைச் சித்தாந்த நூல்கள் ஆராய்ந்திருத்தலின், அவ்வரலாறு சைவர்க்கு அயலானதன்று.

பிரமலைக் கள்ளர் என்பார் உசிலம்பட்டியைச் சூழ்ந்த வானம் பார்த்த நிலத்தினர். அவருட் பலர் பிழைப்பு நாடிக் கம்பம் பள்ளத்தாக்கிற் குடியேறினர். 1895-இல் பெரியாற்றணை முடிந்து மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியபின், பள்ளத்தாக்கு இருபோகம் விளையும் நன்செய்யாயிற்று. அவர்தம் பழைய ஊர்களோ வறண்டே கிடந்தன. முன்னாளில் ஊர்க்காவல் அவர்க்குரிய தொழிலாயிருந்தது. காவற்கூலி கொண்டு களத்தையும் கால்நடையையும் காத்தனர். ஆங்கில ஆட்சியில் காவல், போலீஸார் கைக்கு மாறிற்று. உரிமை போயிற்று, கூலி கேட்கும் வழக்கம் போகவில்லை. மாடு களவுபோதலும், துப்புக்கூலி கொடுத்து அதனை மீட்டலும் அந்நாட்டில் நிகழ்ந்தமை மறைக்கற்பாலதன்று. 1896-இல் குடியானவர் பலர் 'பண்டு' எனப் பணந்திரட்டி அவர்க்கெதிராகக் கிளர்ந்தெழுந்ததும் அதனாலேயாம். ஆயின் களவு செய்தார் சிலர். பழி சுமந்தது வகுப்பு முழுதும்.

வடநாட்டில் 1871-இல் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. தச்சன் மகன் தச்சனாதல் போலத் திருடன் மகன் திருடனாவன் என்பதே அதன் அடிப்படை. அதன்கீழ் வகுப்பினர் பெயர்களைப் பதிந்தனர்; கைவிரல் ரேகை கொண்டனர்; இரவில் குறித்த இடத்தில் வந்து முகங்காட்ட வேண்டுமென்றனர்; சீட்டின்றி அயலூர் செல்லலாகாதென்றனர். மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பெயரிலேயே களவு இருக்கிறதன்றோ என்று கூறிய அதிகாரிகளும் உளர். பெயர்கொண்டு குணம் துணிதல் இலக்கணமறிந்தார் செயலன்று என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் அந்நாளில் இலர் போலும்! 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸார் சுட்டதில் பதினறுவர் மாண்டனர். மாயக்காள் என்னும் பெண்ணும் அவருள் ஒருத்தி.

இக்கொள்கைக்கு ஐரோப்பிய அறிஞர் சிலரும் துணை நின்றனர். இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ, குற்றவாளி பிறக்கின்றான், மண்டையோட்டிலும் முகத்திலும் அதன் அடையாளம் காணலாம் என்று 1876-இல் நூலெழுதினார். 1908-இல் மக்டூகல் என்பார் அச்சம், சினம், ஈட்டல் முதலிய இயல்பூக்கங்கள் மாந்தர் யாவர்க்கும் பொது என்றார். (அவரே பின்னர் இனத்தின் உயர்வு தாழ்வு பேசினார் என்பது வேறு கதை.) முன்னையவர் கூற்றைப் பிற்கால ஆராய்ச்சியாளர் தள்ளிவிட்டனர். பின்னையவர் கூறிய பொதுமையை, அதனினும் ஆழமாகச் சைவம் முன்னரே நிறுவியுள்ளது.

யாங்ஙனமெனின், உயிரை அநாதியே பற்றியுள்ள குற்றம் ஆணவம் ஒன்றே. செம்பிற் களிம்புபோலும், நெல்லின் உமிபோலும் உடன் நிற்றலின் அது சகச மலம் எனப்பெறும். அதன் பிணிப்பு அரசனுக்கும் உண்டு, ஆண்டிக்கும் உண்டு. சட்டம் செய்தானுக்கும் உண்டு, ரேகை வைத்தானுக்கும் உண்டு. உமியில்லா நெல் விளையும் வயல் யாண்டும் இல்லை. ஆதலின் 'இக்குலத்தார்க்கே பிறவிக் குற்றம்' என்பது, இவ்வயல் நெல்லுக்கே உமியுண்டு என்பதனோடு ஒக்கும்.

'அற்றன்று, முன்வினையாலன்றோ ஒருவன் இக்குலத்திற் பிறந்தான்? அவ்வினையே அவனைக் களவிற் செலுத்தும்' என்று சைவருள்ளேயே சிலர் தடை நிகழ்த்தக்கூடும். இதுவே ஆழ்ந்து நோக்கற்பாலது. கன்மம் உயிர்தோறும் வேறு. ஒருவன் வினையை மற்றொருவன் நுகரான்; அங்ஙனமிருக்க, ஊர் முழுதும், பிறவாத மகவும் உட்பட, ஒரே வினையுடையதென்பது எந்நூலின் துணிபு? மேலும், உடலும் இடமும் நுகர்ச்சியும் வினையால் வருவனவே எனினும், வந்தவிடத்து எவ்வாறு நடப்பது என்பதில் உயிர்க்கு அறிவும் இச்சையும் செயலும் உள. அவை இலவேல் சரியை முதலிய நான்கும் வீணாம், குருவும் வேண்டா. கன்மக்கொள்கையைப் பிறரை இழித்தற்குக் கருவியாகக் கொள்வார், அக்கொள்கையை அறியாதாரேயாவர்.

உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரம், வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த மன்னவன் மகனை உவமையாகக் கொண்டது. ஆண்டு வேடர் என்றது ஐம்புலன்களையே, ஒரு குலத்தாரையன்று. அம்மகனைத் திருத்தியது தண்டமன்று, 'நீ இன்னான்' என்று உணர்த்திய உணர்த்துதலே என்பது கருதற்பாலது. 'நீ திருடன்' என்று இரவுதோறும் உணர்த்தும் சட்டமோ அதற்கு நேர்மாறான உபதேசத்தைச் செய்தது.

இனி, ஊக்கங்கள் அழிக்கற்பாலனவோ எனின், அன்று. ஆணவ இருளில் ஒன்றும் அறியாது கிடந்த உயிர்க்குக் கலை செயலை எழுப்புகின்றது, வித்தை அறிவை எழுப்புகின்றது, அராகம் விருப்பத்தை எழுப்புகின்றது. விடியுமளவும் உதவும் விளக்குப்போல மாயை உதவுகின்றது. வண்ணான் சாணியும் உவரும் இட்டுத் துணியின் அழுக்கைப் போக்குதல்போல, அழுக்கையே மருந்தாகக் கொண்டு அழுக்கைத் தீர்க்கின்றான் இறைவன். ஆகலின் விருப்பம் நோயும் ஆம், நோய்க்கு மருந்தும் ஆம். எதனைச் சார்கின்றது என்பதே வேறுபாடு. இதற்குத் திண்ணனாரினும் சிறந்த சான்று இல்லை. உடுப்பூர் வேடர் கோமானாகிய நாகன் மகனார், காளத்தி நாதரைக் கண்டபின் வில்லை எறிந்துவிட்டுத் தவம்புரியச் செல்லவில்லை. வேட்டையாடிய கையே இறைச்சி படைத்தது. விலங்கை எய்த அம்பே தம் கண்ணை அகழ்ந்தது. அஞ்சாமையும் பற்றும் அவர்பால் முன்னிருந்தவையே. சேக்கிழார் அவற்றை மறைத்துப் பாடவில்லை. அவை அன்பாய்த் திரும்பியதையே பாடினார். ஆறே நாளில் அவர் பெற்ற பேற்றை, ஆகமம் வழுவாத சிவகோசரியார் மறைந்து நின்று காணவேண்டியதாயிற்று.

இவ்வுண்மை கம்பம் பள்ளத்தாக்கில் வேறொரு வகையில் விளங்கிற்று. துப்பாக்கிச் சூட்டையொட்டிய காலத்திலேயே அரசினர் கள்ளர் சீரமைப்புத் திட்டம் ஒன்று தொடங்கிப் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் நிறுவினர்; கிணறு வெட்டக் கடனும் அளித்தனர். ஒரு கை ரேகை வாங்க, மறுகை சிலேட்டு நீட்டிற்று. இரண்டனுள் எது பயன்பட்டதென்பதற்கு அவ்வூர்களே சான்று. இரவிற் கண்விழித்துக் காவல்செய்த வன்மை, வாய்க்கால் நீர் பாய்ச்சும் முறைநாளிற் கண்விழிக்கும் உழவாயிற்று. சுருளிப்பட்டிப் பக்கத்தில் திராட்சை பயிரிடுவார் இதனை எளிதில் உணர்வர். கொடியின் இயல்பு படர்தல். தரையிற் படரவிட்டால் அழுகும். படராதே என்று வேரை அறுத்தால் பட்டுப்போம். பந்தலிலேற்றிப் பருவத்தில் கவாத்துச் செய்தால் காய்க்கும். ஏறியது அதே கொடி.

சட்டத்தை நீக்குதற்குப் பாடுபட்டாருள், மதுரையில் வழக்கறிஞராயிருந்து அம்மக்களால் ரோசாப்பூ துரை என அழைக்கப்பெற்ற ஜார்ஜ் ஜோசப், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் ஆகியோர் நினைக்கத்தக்கார். சமயத்தாலும் கொள்கையாலும் தம்முள் வேறுபட்ட இவர்கள் இவ்வொன்றில் ஒத்து நின்றனர். மடங்களிலும் சமய மேடைகளிலும் சகச மலத்தை விரித்துரைத்தார் பலர் இருந்த அக்காலத்தில், இச்சட்டம் சமயத்தோடு மாறுபடுவது என்று அவர் உரத்துக் கூறியிருத்தல் வேண்டும். அக்குரல் போதிய அளவு எழவில்லை என்றே சொல்ல வேண்டியுளது. 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் ஒழிந்தது. அதன்கீழ் இருந்த வகுப்பினர் சீர்மரபினர் என்னும் பெயர் பெற்றனர். ரேகை வைக்க மறுத்து மாண்டாரின் நினைவுக்கல் பெருங்காமநல்லூரில் நிற்கின்றது. ஆண்டுதோறும் ஏப்ரல் 3-இல் ஊரார் அவ்விடம் சென்று வணங்குகின்றனர்.