கொல்லிமலையின் வில்: ஓரியின் காலம் முதல் ஆடி விழா வரை

சேலம், நாமக்கல் சமவெளியை ஒட்டி எழும் கொல்லிமலைக்கும் வில்லுக்கும் உள்ள உறவு சங்க காலத்திலிருந்தே பதிவாகியிருக்கிறது. புகழ் இன்றுவரை நீடித்திருக்க, எய்யும் பழக்கம் மட்டும் இடையில் நலிந்தது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை தேட, கடல் கடந்து பரவிய ஜப்பானிய வில்கலையான கியூடோவின் வரலாறு உதவுகிறது.

சங்கச் சான்றுகள்

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் ஒரே அம்பால் யானையை வீழ்த்தியதையும், அவ்வம்பு புலி, மான், பன்றி ஆகியவற்றையும் ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததையும் வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் பாடியுள்ளார். முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்கு அளித்த செய்தி அகநானூற்றின் 209ஆம் பாடலில் உள்ளது. வில்லைத் தம் இலச்சினையாகக் கொண்டவர்கள் சேரர். அவர்களுடைய கொல்லி உரிமைக்குக் கரூரில் கிடைத்த ‘கொல்லிப்புறை’ என்ற பெயர் பொறித்த காசுகளும் துணை நிற்கின்றன.

இப்பாடல்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. புலவர்கள் பாடியது அம்பின் வலிமையையும் எய்தவனின் கொடையையும். நாணை எப்படி இழுப்பது, யாரிடம் கற்பது என்பன பாடுபொருளாகவில்லை. அதனால் ஓரியின் பெயர் நமக்குக் கிடைத்தது. அவன் கற்ற முறை கிடைக்கவில்லை.

பயன் மறைந்த காலம்

செங்கம், தருமபுரி வட்டாரங்களில் பல்லவர் காலம் முதல் நடப்பட்ட நடுகற்களில் வீரர்கள் வில்லும் வாளும் ஏந்தி நிற்கிறார்கள். ஆநிரை கவர்ந்தும் மீட்டும் வாழ்ந்த சமூகத்தில் வில் அன்றாடத் தேவையாக இருந்தது. துப்பாக்கி வந்தபின் போரில் அதன் இடம் சுருங்கியது. 1792இல் சேலம் பகுதி ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. போரும் வேட்டையும் விலகியதும் வில்லைக் கையில் எடுக்கக் காரணம் இல்லாமல் போனது.

ஜப்பான் கண்ட வழி

ஜப்பானிலும் இதே நெருக்கடி வந்தது. 1543இல் போர்த்துகீசியர் வழியாகத் தனேகஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்தது. காலப்போக்கில் போர்க்களத்தில் வில் பின்தங்கியது. ஆனால் ஒகசவாரா, ஹெகி போன்ற ஆசான் மரபுகள் வில்லை மனப் பயிற்சியாகவும் சடங்காகவும் காத்தன. 1949இல் தேசியக் கூட்டமைப்பு அமைந்தது. 1953இல் பொதுப் பயிற்சி நூல் வெளியானது. கால் ஊன்றுவது முதல் அம்பு பறந்தபின் அசையாது நிற்பது வரை எட்டு நிலைகள், 28 மீட்டர் தொலைவு, 36 சென்டிமீட்டர் இலக்கு என யாவும் வரையறுக்கப்பட்டன. கற்பிக்கத்தக்க வடிவம் பெற்றதால் அது நாடு கடக்க முடிந்தது. 1924 முதல் 1929 வரை செண்டாயில் தத்துவம் கற்பித்த ஜெர்மானியர் ஆய்கன் ஹெரிகல், ஆவா கென்ஸோவிடம் வில் பயின்று 1948இல் எழுதிய நூல் மேலைநாட்டு ஆர்வத்தைத் தூண்டியது. ஆயினும், 2006இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாகும் அளவுக்கு அக்கலையை வேரூன்றச் செய்தவர்கள் ஊர்தோறும் கற்பித்த ஆசான்களே.

ஆடி விழாவும் அடுத்த படியும்

ஆடிப்பெருக்கையொட்டிக் கொல்லிமலையிலுள்ள செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் இடம்பெறுகிறது. ஓரியைச் சிலையாக மட்டும் வணங்காமல் அவன் கலையால் நினைவுகூர்வது இவ்விழாவின் பெருமை. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் தம் மண்ணின் கலையை நேரில் காண அது வாய்ப்பளிக்கிறது.

எனினும் விழாவால் நினைவைத்தான் காக்க முடியும். பழக்கத்தைக் காப்பது பயிற்சியே. ஜப்பானிய அனுபவம் தரும் பாடமும் இதுதான். கியூடோவின் சடங்குகளைக் கொல்லிமலைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் இயங்கும் களம், உள்ளூரில் உருவாகும் ஆசான், படிப்படியான பாடமுறை ஆகிய மூன்றும் வேண்டும். மூங்கில் வில்லால் எய்யும் ‘இந்தியச் சுற்று’ப் போட்டிப் பிரிவு இதற்கு நல்ல தொடக்கமாகும். மலைப்பள்ளிகளில் அதைக் கற்பித்தால், ஆடி மாதப் போட்டி அந்தப் பிள்ளைகளின் ஓராண்டுப் பயிற்சிக்கான அரங்கேற்றமாக அமையும்.